விசில் ஊதும் வரை

டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், தம்பி. ஆனாலும் சாரல் நேரத்துக்கு இதம்தான். என் காலத்திலும் ஸ்டேஷன் டீ இப்படித்தான் இருக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் சுந்தரபாண்டியன். போலீஸ் அணிக்கு கோல்கீப்பராக நின்று, ஏட்டாக ஓய்வு பெற்றவன். இந்த வருஷம் புதிதாகத் தொடங்கிய மூன்றாம் டிவிஷன் தொழில்முறைக் கால்பந்து லீக்கில் தென்காசி அணிக்கு கோச். ஆள் எடுப்பதில் நான் சொன்னதுதான் முடிவு. சிபாரிசு என்று வாசல்படி ஏறியவனுக்கு டீ கொடுத்து அனுப்பியிருக்கிறேன், இடம் கொடுத்ததில்லை. வாசுதேவநல்லூரிலிருந்து கடையம் வரை கேட்டுப் பாருங்கள், சுந்தரபாண்டியன் ஆள் பார்த்துச் செய்கிறவன் இல்லை என்பார்கள். நான் சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

கோல்கீப்பர் இடத்துக்கு இரண்டு பேர். ஒருவன் யஹ்யா, வடகரைக்காரன். அறுத்த வயலில் தென்னை மட்டையை நட்டு விளையாடிக்கொண்டிருந்தவனை நான்தான் பிடித்து வந்தேன். இன்னொருவன் பாண்டித்துரை, என் மகன்.

யஹ்யாதான் நல்ல கீப்பர். அதில் பேச்சுக்கே இடமில்லை. பந்து கிளம்பும் முன்பே அவன் கிளம்பிவிடுவான். பாண்டித்துரை மோசமில்லை, கொஞ்சம் பயந்த சுபாவம். வயதும் ஏறிக்கொண்டிருந்தது. இந்த முதல் சீசனில் கோலில் நிற்காவிட்டால் அவனுக்கு வேறு வழி கிடையாது. என் மனைவி வள்ளித்தாய் சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஊரான் பிள்ளையத் தூக்கி நிறுத்துதிய. பெத்த பிள்ள ஓரமா உக்காந்து தண்ணி பாட்டில் தூக்கணுமாக்கும்?"

அவள் வயிறு எரிந்தது எனக்குப் புரிந்தது. எனக்கும் எரிந்தது. மகனையே நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். யஹ்யா கையும் காலுமாக முன்னால் நிற்கும்போது எப்படி நிறுத்துவது? ஊர் காறித் துப்பாதா? பாரபட்சம் எனக்கு ஆகாது.

என் பயிற்சியில் ஒரே சட்டம். மழை கொட்டினாலும், கால் பிசகினாலும், என் விசில் கேட்டால்தான் நிற்க வேண்டும். ஒருமுறை போன் வந்து, விசில் ஊத மறந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தால் மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யஹ்யா மட்டும் வாந்தி எடுத்துவிட்டு, மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தான்.

முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் கீப்பர்கள் இருவரையும் குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் தசைப்பிடிப்பு விட்டுப்போகும். இங்கே எல்லோரும் செய்வதுதான். மெயினருவியில் கூட்டம். அதனால் தெரிந்தவர் தோட்டத்துக்குள் விழுகிற அருவிக்குப் போனோம். அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது, காவலும் கிடையாது. இதுவும் பயிற்சிதான், விசில் ஊதினால்தான் அருவியை விட்டு வர வேண்டும் என்று சொன்னேன். அப்போது என் மனதில் ஒன்றுமில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

கீழே நல்ல வெயில். மேலே மலை கறுத்துக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் சருகும் தழையும் வந்தன. பிறகு தண்ணீர் செம்மண் நிறமானது. அடுத்து என்ன வரும் என்று இந்தப் பக்கம் பிறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாண்டித்துரை ஓரமாக நின்றிருந்தான். கையைக் காட்டி அவனை வரச் சொன்னேன்.

"எப்பா, தண்ணி கலங்குது. அவனயும் கூப்பிடட்டுமா?"

"விசில் ஊதினா வருவாம்லே. நீ போயி வண்டில துண்ட எடுத்துட்டு வா."

அவன் போனான். யஹ்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "வரட்டுமா சார்?" என்று கேட்டான். இரைச்சலில் காதில் விழவில்லை, வாயசைவில் தெரிந்தது. விசில் என் கழுத்தில் தொங்கியது. அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவன் அதையும் பார்த்தான். பார்த்துவிட்டும் நின்றான். கல்லும் மரமுமாக வந்த வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போனது. நான் அவனைத் தொடவில்லை. நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

பாண்டித்துரை துண்டோடு ஓடிவந்தான். "விசில் ஊதுனியளாப்பா?" என்றான். ஊதினேன், யஹ்யாவுக்குக் கேட்கவில்லை என்றேன். வண்டி பக்கத்தில்தான் நின்றது. அவன் என் வெறுங்கழுத்தைப் பார்த்தான்.

லீக் தொடங்கும் தேதியை மாற்ற முடியாது என்றார்கள். மறுநாள் மைதானத்தில் மேளத்தை நிறுத்திவிட்டு, யஹ்யாவுக்காக எல்லோரும் மௌனமாக நின்றோம். அழுதேன், தம்பி. அது நடிப்பில்லை.

எதிரணி அடித்த முதல் பந்து சாதாரணப் பந்து. பாண்டித்துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றான். பந்து அவன் காலை ஒட்டி உருண்டு உள்ளே போனது. கையுறையைக் கழற்றி என் முன்னால் வைத்துவிட்டு, சாரலில் நனைந்துகொண்டே உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்திருக்கிறான். முதல் ஆட்டப் பயம், வேறொன்றுமில்லை.

அந்தப் பந்தை யஹ்யா கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருப்பான். அவன் இருந்திருந்தால் அவனைத்தான் நிறுத்தியிருப்பேன். நான் ஆள் பார்த்துச் செய்கிறவன் இல்லை.