முப்பத்தோரு பேருக்கும் ஒரே தப்பு

— உட்காருங்க டீச்சர். இது உங்க ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள். முப்பத்துநாலு பேர்ல முப்பத்தோரு பேருக்கு பத்துக்கு ரெண்டு.

— தெரியும் மேடம். நான்தானே திருத்தினேன். பாடம் ஒழுங்கா நடத்தலைன்னு சொல்லப்போறீங்க.

— அது இல்லை. கொஞ்சம் உத்துப் பாருங்க. நாலு விடையில ஒண்ணோட நம்பரை எழுதுற கேள்விதான், ஆனா பத்துக்கும் முப்பத்தோரு பேரும் ஒரே விடை. ரெண்டு, ரெண்டு, நாலு, ஒண்ணு... அச்சடிச்ச மாதிரி. காப்பி அடிக்கிற பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். இவ்வளவு ஒத்துமையா தப்பு பண்ற பிள்ளைங்களை என் இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல பார்த்ததே இல்லை.

— அய்யய்யோ. மார்க் கூட்டினேனே தவிர இதைக் கவனிக்கலை மேடம். மனசு ஒரு நிலையில இல்லை.

— அதான் அடுத்த விஷயம். சாஃப்ட்பால் சங்கத்துல இருந்து ரெண்டு தடவை போன். உலகப் போட்டிக்கு உங்களை எடுத்திருக்காங்க. லீவு நான் போன வாரமே குடுத்தாச்சு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள பதில் வேணுமாம். ஏன் சொல்லலை?

— வரலைன்னு எழுதி வச்சிருக்கேன் மேடம். இதோ, பையிலேயே இருக்கு.

— பன்னெண்டு வருஷமா நாட்டுக்கு ஆடுறவங்க நீங்க. சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வாங்க.

— போன வருஷ ஃபைனல் மேடம். நான் கேட்சர். பேட் பிடிக்கிறவளுக்குப் பின்னாடி குந்தி உட்கார்ந்து, எந்தப் பந்து போடணும்னு நம்ம பிட்சருக்கு விரல்ல சொல்றது நான்தான். ஒண்ணுன்னா வேகம், ரெண்டுன்னா மெதுவு, மூணுன்னா இறங்குறது, நாலுன்னா எழும்புறது. கடைசிப் பத்துப் பந்து. நான் கேட்டது ஒவ்வொண்ணையும், காத்திருந்த மாதிரி வாங்கி வாங்கி அடிச்சாங்க. ஜெயிக்க வேண்டிய மேட்ச்சைக் கோட்டை விட்டேன். "உன் மூளைக்கு வயசாயிடுச்சு"ன்னு கோச் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். சரிதானே? முப்பத்தாறு ஆச்சு. அந்தப் பத்துப் பந்தும் ராத்திரி பகலா கண்ணுக்குள்ளேயே ஓடுது மேடம்.

— ம்... சரி, முதல்ல இந்தக் கூத்தை முடிப்போம். உங்க வகுப்பு லீடரை வரச் சொல்லியிருக்கேன். வாசல்லயே நின்னா எப்படிம்மா? உள்ள வா!

— வணக்கம் மேடம். மேடம், எங்க மிஸ்ஸை மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க மேடம்.

— மிஸ்ஸை நான் ஏன் சொல்லப்போறேன்? விடையை யாரு குடுத்தது, அதைச் சொல்லு.

— மிஸ்தான்.

— நானா! அடிப்பாவி!

— சத்தியமா மிஸ்! பரீட்சை அன்னிக்கு ஜன்னல் பக்கம் நின்னு, தொடைமேல விரலை வச்சு வச்சு எடுத்தீங்களே! ஐயோ பாவம்னு எங்களுக்கு உதவி பண்றீங்கன்னு நினைச்சோம். கடைசி பெஞ்சு மூணு பேருக்குத்தான் மறைச்சுது.

— அந்த மூணு பேர்தான் பாஸ். டீச்சர், என்ன இது?

— எனக்கே தெரியாம கை ஓடியிருக்கு மேடம். நினைப்பு பூரா அங்கதானே... இரு, இருடி. ஒரு பந்துக்கு நான் அஞ்சாறு சைகை காட்டுவேன். ஒண்ணுதான் நிஜம், மத்ததெல்லாம் எதிராளி கண்ணுல மண்ணைத் தூவ. எது நிஜம்னு எங்க டீமைத் தவிர ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. நீங்க எதை எழுதினீங்க?

— முழங்காலைத் தொட்டதும் அடுத்து வருமே, அதை மிஸ்.

— யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?

— யாரும் இல்லை மிஸ். மத்ததெல்லாம் சடசடன்னு போகும். அது மட்டும் கொஞ்ச நேரம் நிக்கும். எங்களைக் கணக்கு போடச் சொல்லிட்டு தினமும் ஜன்னல்கிட்ட அதைத்தானே பண்றீங்க. ரெண்டே வாரத்துல புரிஞ்சுடுச்சு.

— மேடம், அந்தத் தாளைக் குடுங்க. ரெண்டு, ரெண்டு, நாலு, ஒண்ணு, மூணு, மூணு, ஒண்ணு... அதே பத்துப் பந்து! வரிசைகூட மாறலை!

— ஏன் எழுந்து நிக்கிறீங்க? நாற்காலி விழுது பாருங்க.

— அந்த எதிர் டீமும் இதே மாதிரி என் சைகையைப் படிச்சிருக்காங்க மேடம்! அன்னிக்கு ரன்னுக்கு ஓடி வந்து, ரெண்டாவது பேஸ்ங்கிற கட்டத்துல அவங்க ஆளு ஒருத்தி நின்னா. பிட்சருக்குப் பின்னாடி. அங்கிருந்து பார்த்தா என் கை பளிச்சுனு தெரியும். அவ சும்மா சும்மா ஹெல்மெட்டைத் தொட்டா. வேர்க்குது போலன்னு பரிதாபப்பட்டேன் மேடம், மடச்சி நான்! அடுத்து என்ன பந்துன்னு பேட் பிடிச்சவளுக்கு அதுலயே சொல்லியிருக்கா!

— அப்போ அதுவும் காப்பிதான்.

— ஆமா மேடம். அவங்க சரியா காப்பி அடிச்சாங்க, இதுங்க தப்பா அடிச்சிருக்குதுங்க. எனக்கு வயசாகலை மேடம்! மூளை நல்லாத்தான் இருக்கு, இந்த விரல்தான் உளறியிருக்கு!

— மெதுவா, பக்கத்துல பாடம் நடக்குது. சிரிக்க வேணாம்னு சொல்லலை, சத்தமில்லாம சிரிங்க. எனக்கே அடக்க முடியலை. அந்த லெட்டர்?

— கிழிச்சாச்சு! மணி என்ன மேடம்?

— மூணு இருபது. இந்தாங்க போன்.

— ஹலோ, சங்கமா? நான்தான். வரேன்... ஆமாங்க, வரேன்! கோச்சுகிட்ட சொல்லுங்க, பழைய சைகை எல்லாம் குப்பைக்குப் போயிடுச்சுன்னு. மூளையைப் பத்தி நேர்ல பேசிக்கிறேன்னும் சொல்லுங்க.

— மிஸ்... எங்களுக்குத் தண்டனை உண்டா?

— உண்டும்மா. நாளைக்குக் காலையில மறுபரீட்சை. மேற்பார்வைக்கு நானே வரேன், கையைக் கட்டிக்கிட்டு.

— மேடம் வைக்கிறது காலையில. நான் வைக்கிறது சாயங்காலம், மைதானத்துல. நான் விமானம் ஏறுற வரைக்கும் தினமும். புதுசா சைகை காட்டுவேன். நீங்க எல்லாரும் ரெண்டாவது பேஸ் பக்கம் நின்னு, எந்தப் பந்துன்னு எழுதிக் காட்டணும்.

— ஐ! கண்டுபிடிச்சுட்டா?

— மாத்திடுவேன்.

— மறுபடியும் கண்டுபிடிச்சுட்டா?

— மறுபடியும் மாத்துவேன்.

— கண்டுபிடிக்கவே முடியலைன்னா? எல்லாருக்கும் முட்டைதானே மிஸ்?

— முப்பத்தோரு பேருக்கும் முட்டை விழட்டும்டி, அன்னிக்குத்தான் நான் பாஸ்!