நாற்பதைத் தாண்டினால் விற்கணும்

ஹலோ... ஹலோ, அக்கா? ஆங், சொல்லு, சொல்லு... இல்ல, பேசலாம். பேஷன்டுக்கு இப்பதான் ஊசி போட்டேன், கடைவாய் மரத்துப்போக பத்து நிமிஷம் ஆகும். கன்டக்டர் சார், அப்படியே சாஞ்சிருங்க... உன்னை இல்லக்கா, அவரை.

இந்த மாசப் பங்கு லிஸ்ட்டா? வந்துது, வந்துது. பார்த்தேன்... அட, பார்த்தேன்னு சொல்றேன்ல! ... ஆமா. ஆமா. என் கம்ப்ரஸர் கம்பெனி நாப்பத்திரண்டாவது இடம். அதுக்கென்ன இப்ப?

விதி தெரியும்க்கா... இருபது இடத்துக்குள்ள வந்த பங்கை வாங்கணும், நாப்பதைத் தாண்டினா விக்கணும். மாசத்துல முதல் திங்கக்கிழமை, ரெண்டு பேரும் ஃபோன்ல இருக்கும்போதே, மார்க்கெட் மூடறதுக்குள்ள. உன் கணக்கு உனக்கு, என் கணக்கு எனக்கு, விதி மட்டும் பொது. நானும்தானே கையெழுத்துப் போட்டேன்... ஆமா, சிவப்பு மையில... ஆமா தாயே, அடிக்கோடு போட்டு.

ரெண்டே ரெண்டு இடம்தானேன்னு பார்க்கிறேன்... ஐயோ, அந்தப் பெயின்ட் கம்பெனியை இழுக்காதே... சரி, நாப்பத்தஞ்சுல 'இருந்துட்டுப் போகட்டும்'னேன். நூத்தித்தொண்ணூறாவது இடத்துக்குப் போய் உக்காந்துச்சு. இந்தக் கிளினிக் இடத்தை வாங்கச் சேர்த்ததுல கால்வாசியை முழுங்கிடுச்சு... தெரியும்... வருஷக் கடைசிக்குள்ள வாங்கலேன்னா ஓனர் வேற ஆளுக்குக் குடுத்திருவார். இந்த நாற்காலியைத் தலையில தூக்கிட்டு நான் தெருவுல நிக்கணும். தெரியும், தெரியும்!

ஆனா இது அப்படி இல்லக்கா. பதினோரு வருஷமா என் டிரில்லுக்குக் காத்தடிக்கிறது இவன் கம்ப்ரஸர்தான். ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல. இரு, ஃபோனை அதுகிட்ட வைக்கிறேன்... கேட்டுச்சா? ... பழைய ஸ்கூட்டரா? உன் வாயைக் கழுவு!

என்னது? ... ஆமா, சொத்தைப் பல்லுன்னா யோசிக்காம பிடுங்கணும்னு சொல்றேன்தான். அது ஊரார் பல்லு. ... கன்டக்டர் சார், நீங்க ஏன் சிரிக்கிறீங்க? வாய் கோணிக்கும்.

சரி, இப்படிப் பண்ணு. என் ஷீட்டு அறுபதோட நிக்குது. நீ அதுக்குக் கீழே வாசி, நாப்பத்திரண்டு எவ்வளவோ மேலுன்னு உனக்கே தெரியும்... ம்... ம்... அறுபத்திநாலு... ம்... அறுபத்தஞ்சு... அறுபத்தேழு...

நில்லு. அறுபத்தாறு எங்கே?

இல்ல, நீ கணக்கு டீச்சர். உனக்கு எண்ணிக்கை தவறாது. அறுபத்தாறுல யாரு? ... முணுமுணுக்காதே, உரக்கச் சொல்லு... நோட்டுப்புஸ்தகக் கம்பெனியா? அது இன்னும் உன்கிட்ட இருக்கா? நாப்பதைத் தாண்டி எத்தனை மாசமா? ... நாலு மாசமா! அடிப்பாவி! படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோவிலா?

எனக்குக் காரணம் வேண்டாம்... உன் பிள்ளைங்க அத்தனை பேரும் அந்த நோட்டுலதான் எழுதிச்சுன்னா? என் பேஷன்டுங்க பல்லு அத்தனையும் இந்தக் கம்ப்ரஸர்லதான் அடைச்சேன்! ... மார்க்கெட் மூட எவ்வளவு நேரம்? நாலு நிமிஷமா? சரி, வா. ரெண்டு பேரும் ஒண்ணா வித்துருவோம். நான் எண்ணுறேன், மூணுன்னதும் விக்கிற பட்டனை அமுக்கணும்... மனசைக் கல்லாக்கிக்கோ. ஒண்ணு... ரெண்டு... மூணு!

...

ஆங். ஆங், வித்துட்டேன்க்கா. வித்தாச்சு... நீ? ... நிஜமாவா? மொத்தமுமா?

அக்கா... அழறியா?

ஸ்கிரீன்ஷாட்டா? நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்... யாரு? யாரு கத்தினதா? கன்டக்டர் சார்தான்... 'அமுக்கல'ன்னு கேட்டுச்சா? வாய் மரத்திருக்குக்கா, என்னமோ உளர்றார்... சார், எழுந்திரிக்காதீங்க, ஃபோனைப் பிடுங்காதீங்க, சார்!

...

சரி. அமுக்கல. விரல் போச்சு, மனசு போகல. நீயும் அமுக்க மாட்டேன்னு நெனச்சேன்க்கா, சத்தியமா... இருபத்தேழு வருஷம் நீ திருத்தின நோட்டு. அதை நீ தூக்கிப் போட்டுட்டே, நான் பொய் சொல்லிட்டேன். எனக்கே அசிங்கமா இருக்கு. இரு, இதோ அமுக்கறேன்... மூடிருச்சுக்கா. மார்க்கெட் மூடிருச்சு.

திட்டு. நல்லா திட்டு... ம்... ம்... நாளைக்கா? நாளைக்குத் திறந்த உடனேயா? சரி, ஃபோன்ல... நேர்லயா? இங்கயா? ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டா? ... வா, வா. தாராளமா வா... என்ன எடுத்து வைக்கணும்? குறடா? பல்லு வலிக்குதாக்கா? ... இல்லியா? அப்ப எதுக்கு? ... என் விரலுக்கா?

அக்கா... ஹலோ? ... ஹலோ?