புடவை அளந்த கற்கள்

ரோடு வராத காலம். கரண்டு வராத காலம். கல்லாத்துல வருசம் பூரா தண்ணி ஓடின காலம்னு சொல்றாங்க. ஓடின ஆறுதான், ஆனா நான் சொல்லப்போற அந்த வருசம் மட்டும் ஓடலையாம். அந்த வருசத்துல நம்ம நெடுங்கொல்லை ஊர்ல சீரங்காயின்னு ஒரு பொம்பளை இருந்தாளாம். புருசன் பேரு வையாபுரி. ஒரே மக, அலமேலு. அந்தப் புள்ளைக்கு அப்பத்தான் பால்பல்லு விழ ஆரம்பிச்சிருந்துச்சாம்.

ஊருக்குக் கிழக்கே பொதுக்கொல்லை. இப்பவும் அங்கதான் இருக்கு. அது யாரு பேர்லயும் இல்லை, எல்லாருக்கும் பொது. காடு கழனி இல்லாத வீட்டுக்கெல்லாம் அதுல ஆளுக்கொரு பாத்தி. ஒருத்தி கத்தரி போட்டா இன்னொருத்தி கீரை போடுவா. பறிச்சு மாத்திக்குவாங்க. நடுவுல ஒரு கிணறு, கிணத்து மேல ஏத்தம். ஏத்தம்னா நீளமான மரம். மேல ஒருத்தர் நடந்து நடந்து மிதிக்கணும், கீழ ஒருத்தர் சால்ங்கிற பெரிய வாளியைப் பிடிச்சுத் தண்ணியை வாய்க்கால்ல ஊத்தணும். வையாபுரி மேல மிதிப்பான், சீரங்காயி கீழ ஊத்துவா. ஊர்ப் பாத்திக்கெல்லாம் அவங்க ரெண்டு பேருதான் தண்ணி.

அந்த வருசம் கேழ்வரகு கதிர் பிடிக்கலையாம். தானியக் குதிருக்குள்ள கையை விட்டா அடியில மண்ணுதான் தட்டுப்பட்டுச்சாம். பொதுக்கொல்லைக் கிணத்துல மட்டும் கொஞ்சம் ஊறிக்கிட்டு இருந்துச்சு. ஊரே அந்தக் கீரையில, அந்தக் கத்தரிப்பிஞ்சுல உயிரை வெச்சிருந்துச்சு. அந்த நேரம் பார்த்துப் பெரியம்மை வந்துச்சாம்.

இந்த வீட்டு வாசல்ல வேப்பங்கொத்து. அடுத்த வீட்டு வாசல்ல வேப்பங்கொத்து. அப்புறம் தெரு பூராவும் வேப்பங்கொத்து. கொத்து சொருகின வீட்டுக்குள்ள யாரும் போகக் கூடாது, அந்த வீட்டுலேருந்து யாரும் வரக் கூடாது. கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அதுதான் அப்போ கட்டு.

ஊர்ப் பெரியதனக்காரர் சடையப்பன் கருவேல முள்ளு வெட்டியாரச் சொல்லிட்டாராம். கொல்லை வாசலை அடைக்கணும்னு. பொல்லாத ஆளு இல்லை அவரு. அவரு தம்பி அம்மையில ரெண்டு நாளைக்கு முன்னாலதான் போய்ச் சேர்ந்திருந்தான்.

முள்ளுக்கட்டு வர்றதைப் பார்த்துட்டு சீரங்காயி வாசல் நடுவுல போய் நின்னாளாம். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவ. பேசினா குரலே வெளிய வராதாம் அவளுக்கு.

"தள்ளி அந்தாண்ட போ புள்ள"ன்னாராம் சடையப்பன்.

"மாமா, கொல்லையை அடைச்சா சனம் என்னத்தைத் திங்கும்?"

"சனம் கூடுற இடமெல்லாம் சாவும் கூடுது. போன வாரம் வாய்க்கால்ல முட்டி மோதிக்கிட்டு நின்னாளுங்களே, அதுல பாதிப்பேரு இன்னைக்குப் படுத்துட்டாளுங்க. உனக்குக் கண்ணு தெரியலையா?"

"கூடாம வரச் சொல்றேன் மாமா. ஒவ்வொருத்தரா வரச் சொல்றேன்."

"எவ கேப்பா உன் பேச்சை? நீ பேசுறது உனக்கே கேக்காது!"

பின்னால நின்னவங்க சிரிச்சாங்களாம். அந்தச் சாவுக்கு நடுவுலயும் சிரிச்சாங்களாம். சீரங்காயி தலையைக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போனா. போனவ அவ்வளவுதான்னு நினைச்சாங்க. திரும்பி வந்தா. கையில அவ கூறைப்புடவை. அரக்குச் சிவப்பு. கல்யாணத்தன்னைக்குக் கட்டினது, அதுக்கப்புறம் மக தலைக்கு வெச்சுப் படுக்கிறதுக்காகவே மடிச்சுப் போட்டிருந்தது.

பக்கத்து வீட்டுக் குப்பாயிகிட்ட ஒரு முந்தியைக் கொடுத்து, "இழுத்துப் பிடி அக்கா"ன்னாளாம். இவ ஒரு முனை, அவ ஒரு முனை. புடவை முடியிற இடத்துல ஒரு கல்லு. அங்கேருந்து மறுபடி புடவை, மறுபடி கல்லு. கொல்லை வாசல்லேருந்து புளியமரம் வரைக்கும் அப்படியே போட்டுக்கிட்டே போனாளாம்.

"அடியே, தாலி கட்டின புடவையைப் புழுதியில போட்டு இழுக்கிறியே, உனக்கென்ன கிறுக்கா?" இது குப்பாயி.

"ஒரு கல்லுக்கு ஒரு ஆளு. முன்னால இருக்கிறவ பறிச்சுட்டு வெளிய வந்தாத்தான் அடுத்தவ நகரணும். படுத்த வீட்டுக்கு நான் பறிச்சு வெக்கிறேன். வாசல்ல வெச்சுட்டுச் சத்தம் குடுத்துட்டு வந்துரணும்."

சடையப்பன் அந்தக் கல்லுங்க ஓரமாவே புளியமரம் வரைக்கும் நடந்து பார்த்தாராம். திரும்பி வந்து சொன்னாராம்: "சரி. ஆனா ஒண்ணு. தண்ணி இறைக்கிறவ கை எல்லார் பாத்தியிலயும் படுது. உன் வீட்டுல அம்மை முத்து விழுந்துச்சுன்னா, ஒண்ணு நீ வீட்டுக்குள்ள போயிரு, கொல்லையை அடைச்சுருவேன். இல்லைன்னா வீட்டுப் பக்கம் தலை வெக்காதே. ரெண்டுல ஒண்ணுதான்."

"சரிங்க மாமா."

அப்படித்தான் கொல்லை திறந்தே இருந்துச்சாம். கல்லு கல்லா நின்னாளுங்களாம். சில நேரம் ஒரே கல்லுல ரெண்டு பேரு ஏறி நின்னு ஊர்க்கதை பேசுவாளுங்க. சீரங்காயிக்குச் சத்தம் வராதே, மண்ணாங்கட்டியை எடுத்து எறிவாளாம். "வாயைத் திறக்க மாட்டா, குறி மட்டும் தப்பாது"ன்னு முதுகைத் தேய்ச்சுக்கிட்டே தள்ளிப் போய் நிப்பாளுங்களாம்.

ஒருநாள் காலையில வையாபுரி ஏத்தம் மிதிக்க வரலை. தூரத்து வரப்புல நின்னு கையைத் தட்டிக் கூப்பிட்டான்.

"சீரங்கா! புள்ளைக்கு அம்மை போட்டிருச்சு. வந்துராதே. நான் பார்த்துக்கிறேன்."

வையாபுரிக்குச் சின்ன வயசுலயே அம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு. ஒருதரம் வந்தவனுக்கு மறுபடி வராதுன்னு அந்தக் காலத்துலயே தெரியுமாம். சீரங்காயிக்கு வந்ததில்லை.

அவ கையில சால் இருந்துச்சு. அதைக் கீழ வெச்சா. கீழ வெச்சுட்டு வீட்டுப் பக்கம் ஓடினாளாம். ஓடினவ புளியமரத்துக்கிட்ட நின்னுட்டா. அங்க கல்லு மேல பொம்பளைங்க வரிசையா நிக்கிறாங்க. குப்பாயி நிக்கிறா, அவ வீட்டுல நாலு பேரு பசியில கிடக்காங்க.  யாரும் போகாதேன்னும் சொல்லலை, போன்னும் சொல்லலை. வேற யாராச்சும் தண்ணி இறைக்கலாமேன்னா, இறைக்கிற ஆம்பளைங்க எல்லாம் வேப்பங்கொத்துக்குப் பின்னால கிடக்காங்க.

சீரங்காயி திரும்பி வந்தா. ஏத்தமரத்து வால்பக்கம் பெரிய கல்லாப் பார்த்துக் கட்டினா. மேல மிதிக்க ஆள் இல்லாம, தானே சாலை அழுத்தி இறக்கி, தானே இழுத்து ஊத்தினா. உள்ளங்கை தோல் உரிஞ்சுச்சாம். கொல்லைக்குள்ளயே ஒரு ஓலைக் கொட்டாய் போட்டுக்கிட்டா.

மறுநாள் வையாபுரி பேச்சு எட்டுற வரப்புல வந்து நின்னான். "புள்ள ஒரே அழுகை. அம்மா செத்துட்டாளான்னு கேக்குது."

 சீரங்காயி அந்தக் கூறைப்புடவையை எடுத்து ஏத்தமரத்து நுனியில கட்டினா. "நம்ம வீட்டு வேப்பமரத்தடியிலேருந்து பார்த்தா இது தெரியும். அந்தப் புள்ளைக்கு இந்தப் புடவை தெரியும். இது ஏறி இறங்கினா அம்மா இறைக்கிறான்னு சொல்லு. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணி ஊத்தின அன்னைக்கு அம்மா வந்து தூக்கிக்குவான்னு சொல்லு."

அன்னையிலேருந்து வையாபுரி மகளை வாழையிலையில கிடத்தி, கட்டிலோட வேப்பமரத்தடிக்குக் கொண்டுவருவானாம். மரம் தாழும், புடவை மறையும். மரம் ஏறும், புடவை தெரியும். "வந்துருச்சு, வந்துருச்சு"ன்னு புள்ள சொல்லுமாம். அதைக் கேக்கிறதுக்கு சீரங்காயிக்குக் காது எட்டாது. வையாபுரி வந்து சொன்னாத்தான் தெரியும்.

முத்து முகத்துல பரவுச்சு. தொண்டையிலயும் பரவுச்சு. புள்ளைக்குக் கஞ்சி எறங்கலை.

ஒரு பொழுதுசாயுற நேரம். கல்லுங்க மேல எல்லாரும் நிக்கிறாங்க. கடைசிக் கல்லுல சடையப்பனே நிக்கிறாராம், அவரு வீட்டு அடுப்பும் அணைஞ்சுதான் கிடந்துச்சு. வையாபுரி வரப்புக்கு வந்தான்.  தோள்ல கிடந்த துண்டை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு நின்னான்.

"இறை சீரங்கா. நிறுத்தாம இறை. ஒரு கண்ணு மட்டும்தான் திறந்திருக்கு. அதால பார்த்துக்கிட்டு இருக்கா."

இறைச்சாளாம். மரம் தாழ்ந்துச்சு, ஏறுச்சு. தாழ்ந்துச்சு, ஏறுச்சு. பாத்தி நிறைஞ்சுச்சு. அடுத்த பாத்தி நிறைஞ்சுச்சு. வாய்க்கால் வரப்பு மீறிப் பாதையில ஓடுச்சு, கல்லு மேல நின்னவங்க காலெல்லாம் நனைஞ்சுச்சாம். யாரும் உள்ள போய் ஒரு கீரை கிள்ளலை. கிணறு வத்திச் சால்ல சேறு வந்துச்சு. சேத்தை இறைச்சா. தூரத்துல வையாபுரி கட்டிலைத் தூக்கிக்கிட்டு உள்ள போறதைக் கல்லு மேல நின்ன எல்லாரும் பார்த்தாங்களாம். கட்டில் மேல துண்டு மூடியிருந்துச்சாம். சீரங்காயி முதுகு அந்தப் பக்கம்.

சடையப்பன் கல்லை விட்டு எறங்கி வந்தாராம். கட்டு போட்டவரே கட்டை மீறி வந்தாராம்.

"போதும் தாயி. நிறுத்து."

"இல்லைங்க மாமா. பார்த்துக்கிட்டு இருப்பா."

"நிறுத்து தாயி."

"நிறுத்தினா அழுவா மாமா."

 அவரு ஏத்தமரத்துல ஏறினாராம். அந்த வயசுல ஏறி, மேல நின்னு மிதிச்சாராம். அவரு மிதிக்க, அவ ஊத்த, வெளிச்சம் அடங்கிப் புடவை கண்ணுக்குத் தெரியாம போற வரைக்கும் ரெண்டு பேரும் தண்ணியில்லாத சாலையே இறக்கி ஏத்தினாங்களாம். அதுக்கப்புறம்தான் அவ கையை எடுத்தா.

மறுநாளும் கொல்லை திறந்துதான் இருந்துச்சு. ராத்திரி ஊறின தண்ணியை அவளேதான் இறைச்சா. ஐப்பசியில மழை வந்துச்சு, அம்மை எறங்குச்சு. அன்னைக்கு அந்தக் கீரையைத் தின்னு பொழைச்சவங்க வம்சம்தான் இந்த ஊரு. சீரங்காயிக்குப் பின்னால வேற புள்ளைங்க பொறந்துச்சு. ஆனா தலைக்குத் தண்ணி ஊத்துறேன்னு யாராச்சும் சொன்னா, எழுந்து வெளிய போயிருவாளாம்.

இதனாலதான் நம்ம பொதுக்கொல்லைக்கு இன்னைக்கும் படல் கிடையாது, பூட்டும் கிடையாது. வெளியூர்க்காரங்க வாசல்லேருந்து புளியமரம் வரைக்கும் கிடக்கிற கல்லுங்களைப் பார்த்துட்டு எல்லைக்கல்லான்னு கேப்பாங்க. எல்லைக்கல்லு இல்லை. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவுல ஒரு புடவை. ரோடு போடுறப்போகூட அதைப் பெயர்க்க விடலை. போன கொரோனாவுலயும் அதே கல்லு மேலதான் கூடையை வெச்சுக்கிட்டு நின்னோம்.

ஏத்தம் போய் மோட்டார் வந்துருச்சு. இருந்தாலும் மோட்டார் கொட்டாய் மேல மூங்கில் நட்டு, சித்திரைக்குச் சித்திரை புதுசாச் சிவப்புத் துணி கட்டுறோம். கொல்லைக்குப் போன அம்மாவைக் கேட்டு வீட்டுல புள்ள அழுதுச்சுன்னா, தூக்கிக்கிட்டு வெளிய வந்து அதைக் காட்டுவோம். காத்துல மேலயும் கீழயும் ஆடும்.

"அதோ பாரு, அம்மா இறைக்கிறா."

இறைக்கிறது மோட்டார்தான். ஆனாலும் அப்படித்தான் சொல்லணும் இந்த ஊர்ல. பெத்தவ எவ்வளவு வேலையில இருந்தாலும், புள்ள அழுதுச்சுன்னு ஆள் சொன்னதும் போட்டது போட்டபடி வந்து புள்ளையைக் கையில வாங்கிக்கணும். அதுவும் இந்த ஊர் வழக்கம்தான்.