செவுத்து மேல மோட்டாரு

எலக்ட்ரீசியனா? இருக்கறான் கண்ணு, பஷீர் சைக்கிள் கடைக்குப் பக்கத்துல. ஆனா குழாயில மோட்டாரு மாட்டோணும்னு சொன்னீன்னா வர மாட்டான். அந்த வேலைய இந்த வீதியில அவன் உட்டுப்போட்டான். உள்ள வா, வெயில்ல நிக்காத. மோட்டாரை இப்படிக் கீழ வை. புதுசா? ம்.

நீ போத்தனூருக்குப் புதுசு, அதனால பதறுற. தண்ணி வரும். அஞ்சாறு நாளைக்கு ஒருக்கா, வெடியால இருட்டோட வரும். நீ வந்திருக்கற ஊடும் எங்களுதாட்ட மெயின் பைப்புக்குப் பக்கம்தான், மோட்டாரு இல்லாமயே தொட்டி ரொம்பும். சன்னமா வரும், அவ்வளவுதான்.

அட, எல்லார் ஊட்டுலயும் இருந்துச்சு கண்ணு, ரெண்டு மூணு வருசத்துக்கு முன்ன வரைக்கும். பக்கத்தூட்டு நாயுடு போட்டாரு, அவரு போட்டாருன்னு நாங்க போட்டோம், நாங்க போட்டோம்னு எதுத்தூட்டுக்காரங்க. தண்ணி வர்ற அன்னிக்கு வீதியே ரைஸ்மில்லாட்ட எரையும். எங்க தொட்டி வழிஞ்சு சாக்கடைக்குப் போகும். கடைசி வரிசையில குழாயத் தெறந்தா வெறுங்காத்துதான். அவங்க கொடத்தத் தூக்கிட்டு ரயில்வே லைனைத் தாண்டி அடிபைப்புக்குப் போவாங்க.

சொல்லாமயா இருந்தாங்க? தண்ணி ஆபீசுல இருந்து வந்து மோட்டாரைப் புடுங்கிட்டுப் போனாங்க. அடுத்த வாரமே வேற வாங்கி, சத்தம் கேக்காம கோணிச்சாக்கப் போத்தி ஓட்டுனோம். காலேஜுப் பசங்க வந்து தண்ணியச் சேமிங்கன்னு செவுரெல்லாம் எழுதுனாங்க. கூட்டம் போட்டாங்க. எல்லாரும் தலையாட்டுனோம். அவரு கழட்டுனா நாங் கழட்டறேன்னு ஆளாளுக்குச் சொல்லிப்போட்டு, காபியக் குடிச்சுட்டு வந்துட்டோம். யாரும் கெட்டவங்க இல்ல கண்ணு. நாம மட்டும் உட்டுக்குடுத்து ஏமாந்துருவமோன்னு பயம்.

நாந்தான் மொதல்ல கழட்டுனேன். பெருமைக்குச் சொல்லல. கழட்டி உள்ள வச்சா யாருக்குத் தெரியும்? அதனால கேட்டுப் பக்கத்துல செவுத்து மேல வச்சேன், போறவங்க வாறவங்க கண்ணுல படட்டும்னு. பக்கத்தூட்டு கோவிந்தராஜுலு நாயுடு சிரிச்சாரு. ஏனுங்க தெய்வாத்தாளம்மா, மோட்டாரைக் காத்து வாங்க உட்டுருக்கீங்களான்னு கேட்டாரு. நீங்களும் கழட்டுங்கன்னு யாருகிட்டயும் சொல்லல. சொன்னா வீம்புக்கே மாட்டுவாங்க.

அவரு சம்சாரந்தான் பொறவு வந்து, எப்படீங்கக்கா பத்துதுன்னு கேட்டுச்சு. வா, வந்து பாருன்னு கூட்டிட்டுப் போனேன். துணி அலசுன தண்ணி கக்கூசுக்கு, பாத்தரம் கழுவுனது வாழைக்கு. அந்த மாசமே அவங்க செவுத்து மேலயும் ஒரு மோட்டாரு உக்காந்துருச்சு. ரெண்டு ஊடு ஆனதும் மூணாவது ஊட்டுக்காரருக்கு உறுத்தல். அப்புறம் பஷீர் கடையில காத்தடிக்க வாறவங்களையே, ஏனுங்க உங்க மோட்டாரை இன்னும் செவுத்து மேல காணமேன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தரு பண்ணுன கூத்தக் கேளு. கெட்டுப்போன மோட்டாரைச் செவுத்து மேல வச்சுப்போட்டு நல்லத உள்ள ஓட்டுனாரு. எல்லாருக்கும் சத்தம் கேட்டுச்சு. யாரும் சண்டைக்குப் போகல, அவரு ஊட்டுக் கேட்டு முன்னால கொஞ்சம் நின்னுட்டு நின்னுட்டுப் போனோம். அவரே நிறுத்திப்போட்டாரு.

ஆமா, இன்னிக்கும் கடைசி வரைக்கும் தண்ணி போகுது. ஆனா யாராச்சும் புதுசாக் குடி வந்தா நான் மறுபடி இத்தனையும் சொல்லோணும். சலிச்சுப்போச்சு கண்ணு. ஒரு ஊட்டுல மாட்டுனாப் போதும், அடுத்த வாரம் எல்லாச் செவுரும் காலியாயிரும்.

எனக்கு என்னத்துக்கு அவ்வளவு அக்கறைன்னா? எல்லாரும் அதத்தான் கேட்டாங்க. வீதி நல்லதுக்குன்னு சொல்லி வச்சேன். பொங்கலுக்கு மைக்குல என்ற பேரச் சொல்லி சால்வை போத்துனாங்க. வாங்கிட்டு வந்து பொட்டியில வச்சுப்போட்டேன்.

அதெல்லாம் ஒண்ணுமில்ல. கடைசி வரிசையில, அந்தப் பச்சைக் கதவு ஊட்டுல இருக்கறது என்ற பொண்ணு, கலாமணி. அந்த ஊட்டுக்கார மாசாணத்தோட மகனைக் கட்டிக்கிட்டா. அவங்க வேற ஆளுங்க, எங்க சனம் ஒத்துக்கல. என்ற ஊட்டுக்காரரு தலை முழுகிட்டாரு. ஒரே வீதிதான், பேச்சுவார்த்தை இல்ல. மாசமா இருந்தவ, ஒரு நா இடுப்புல கொடத்தோட தண்டவாளத்தத் தாண்டறா. ரயிலு ஊதுது. வெரசா நடக்க முடியல அவளால. இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு இருக்கறேன், பேரச் சொல்லிக் கூப்புட எனக்கு வாய் வரல. தாண்டிட்டா, ஒண்ணும் ஆகல. ஊட்டுக்கு வந்ததும் மோட்டாரைக் கழட்டிப்போட்டேன்.

என்ற ஊட்டுக்காரருக்கா? தெரியாம இருக்குமா? இப்பெல்லாம் தண்ணி வர்ற அன்னிக்கு, தொட்டி பாதி ஏறுனதும் அவரேதான் குழாய மூடறாரு. மூடிப்போட்டு கேட்டுல நின்னு கடைசி வரிசைப் பக்கம் பாத்துட்டு இருப்பாரு. பேரன் நல்லா நடக்கறானாம், பேசறானாம். பஷீருதான் சொன்னான்.

தண்ணி போய்ச் சேருது கண்ணு. நாங்கதான் இன்னும் போகல.