எண்பத்து மூன்றாம் பக்கம்

எனக்கு ஹர்மத்தான் காற்று ஒத்துக்கொள்ளாது, அதிகாரி. தூசி பட்டால் மூன்று நாளைக்குத் தும்மல். அந்த ஜன்னலைச் சாத்தச் சொன்னால் நிதானமாகப் பேசுவேன். இட்டுக்கட்டிப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. முப்பத்தொரு வருடம் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கல்வி சொல்லிக்கொடுத்தவன். ஆதாரமில்லாமல் வாய் திறக்கமாட்டேன்.

ரக்கியா என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தாள். கெட்டிக்காரி. காலையில் வரும்போது எனக்கும் நாலு கோசை வடை சுட்டுக் கொண்டுவருவாள். "சாப்பிட்டுட்டுத் திட்டுங்க மாலம், வெறும் வயித்துல திட்டினா பித்தம் ஏறும்" என்பாள். எல்லா மாணவர்களும் என்னை மாலம் என்றுதான் கூப்பிடுவார்கள்; இவள் கூப்பிட்டால் மட்டும் அதில் சிரிப்பு இருக்கும். தொழுகை தவறாதவள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் வேறு மாதிரி பேசினார்களே.

என் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் புத்தகத்தால் தெரிந்திருக்கும். இருநூறு வருடத்துக்கு முன் இந்த ஊரில் வாழ்ந்த பெரிய அறிஞர், பெண்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார் என நிறுவியவன் நான். சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் எல்லாம் அதுதான் பாடம். அதைக் காட்டி மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய தகப்பன்மார் உண்டு. நான் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. எழுதினேன், அவ்வளவுதான்.

அந்தக் காலத்து அறிஞர்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் எதிராளியின் பேச்சைக் கொஞ்சமும் மழுப்பாமல், அவன் வாயாலேயே சொல்வதுபோல எழுதிவிடுவார்கள். பிறகு 'நாம் சொல்கிறோம்' என்று ஆரம்பித்து அதைத் தவிடுபொடியாக்குவார்கள். ஏடுகளைத் தைக்கமாட்டார்கள். எல்லாம் உதிரித் தாள்கள், தோல்பைக்குள் கிடக்கும். வரிசை குலையாமலிருக்க, ஒவ்வொரு தாளின் அடியிலும் அடுத்த தாள் தொடங்கும் சொல்லை எழுதிவைப்பார்கள்.

போன மாதம் ரக்கியா என் அறைக்கு வந்தாள். கதவைத் திறந்தே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"கோபப்படாதீங்க மாலம். மாமா வீட்டுத் தோல்பையில இந்தத் தாள் கிடைச்சுது. நீங்க பார்த்த பிரதியில இது இல்லாம போயிருக்கு. நீங்க எழுதினது அறிஞர் சொன்னதில்ல, எதிராளி சொன்னது. பதில் இதுல இருக்கு. பொண்ணுக்கு எழுத்துச் சொல்லித்தராதவன்தான் பாவின்னு எழுதியிருக்காரு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தான். யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க. நீங்களே திருத்தி ஒரு கட்டுரை போட்டுடுங்க, என் பேருகூட வேணாம். அப்பா என் தங்கச்சியப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்தப் போறாரு. உங்க கட்டுரையக் காட்டினா விட்டுடுவாரு மாலம், எனக்கு அது போதும்."

அந்தத் தாளையும் தன் ஆய்வின் நான்காம் அத்தியாயத்தையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் சண்டைக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னை மன்னிக்க இவள் யார்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த பிரதியின் கடைசித் தாளில், அடியில், 'நாம் சொல்கிறோம்' என்று இருந்தது. இருபத்தெட்டு வயதிலேயே அதைப் பார்த்தேன். பதில் எங்கோ இருக்கிறது என்று தெரியும். தேடப் பொறுமை இல்லை, பட்டத்துக்கு நாள் நெருங்கிவிட்டது.

அவளுடைய அத்தியாயத்தில் எண்பத்து மூன்றாம் பக்கம், நபிகளைப் பழித்த ஒருவனின் பேச்சு. அறிஞர் எழுதியிருந்ததை அப்படியே ஹவுசா மொழியில் பெயர்த்திருந்தாள். அதை நான் என் வாயால் சொல்லமாட்டேன். எண்பத்து நான்காம் பக்கத்தில் அறிஞரின் பதில். படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் தட்டச்சில் அடுத்த பக்கத்தின் சொல்லை அடியில் போடும் வழக்கம் இல்லை. எங்கள் விதிப்படி மாணவர் பெயர் மட்டும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்கும்.

நகல் கடைக்காரன் டான்லாமி உங்களிடம் சொன்னது சரிதான். வியாழக்கிழமை காலை அவன் நகல் கடையில் எனக்கு இரண்டு அறிவிப்பு எடுத்தேன். எடுத்துவிட்டு, இயந்திரத்தின் கண்ணாடிமேல் எண்பத்து மூன்றை வைத்து மூடினேன். படியிறங்கும்போது கூப்பிட்டான். "மாலம், ஒரு தாள விட்டுட்டீங்க."

"என்னுடையது இல்லையே. மேலே பெயர் இருக்கும், படித்துப் பார்" என்றேன்.

அதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. மதியத்துக்குள் எல்லார் கைப்பேசியிலும் அது இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

துறை வாசலில் முந்நூறு பேர் திரண்டார்கள். அவளை ஏட்டறைக்குள் வைத்து லிமான் யூனுசா வெளியே தாழ் போட்டார். அவர் முறை தெரிந்தவர், எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிறவர். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கத்தினார். "இது எதிராளி பேச்சுடா, மடப்பசங்களா! இதுக்குப் பதில் அடுத்த பக்கத்துல இருக்கும். அதப் பார்க்காம எவனும் கை வைக்கக் கூடாது!" ஒரு கல் அவர் நெற்றியில் பட்டது. அப்போதும் அவர் நகரவில்லை.

ஜன்னல் கம்பி வழியாக ரக்கியா என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் தெளிந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"மாலம் வந்துட்டாரு! மாலம், உறை உங்க கையிலதான இருக்கு? அடுத்த பக்கத்தப் படிச்சுக் காட்டுங்க மாலம்!"

கூட்டம் அடங்கியது. இந்த ஊரில் எனக்கு அந்த மரியாதை உண்டு. முன்னால் நின்ற ஒருவன் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டு, "அப்படி ஒரு பக்கம் இருக்கா மாலம்?" என்று பணிவாகக் கேட்டான். உறை என் கக்கத்தில்தான் இருந்தது. நான் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் குனிந்து கல்லை எடுத்துக்கொண்டான். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், அவள் உடலை நீங்கள்தான் எடுத்தீர்கள்.

உறையை ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். உள்ளே இருநூறு வருடத்து ஏடு இருந்தது, அதிகாரி. அந்தத் தள்ளுமுள்ளில் யாராவது பிடித்து இழுத்தால் கிழிந்துபோயிருக்கும். ஏட்டைக் காப்பதுதானே என் வேலை. நெஞ்சோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், எண்பத்து நான்காம் பக்கத்தோடு சேர்த்து அடுப்பில் போட்டேன். அதுவரை அதில் ஒரு மூலைகூட மடங்கவில்லை.