பெரியம்மா வீட்டுப் பிரிட்ஜ்

என் பிரிட்ஜ் பதினெட்டு வருஷமாக ஓடுகிறது. ஒரு தடவைகூட மெக்கானிக் கை அதில் பட்டதில்லை. கதவை அநாவசியமாகத் திறக்க மாட்டேன், சூடான பாத்திரத்தை உள்ளே வைக்க மாட்டேன், அவ்வளவுதான். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்காதீர்கள், மேடம். எல்லாம் அதில்தான் ஆரம்பம்.

தங்கச்சி குடும்பம் பக்கத்து வீடு. நடுவில் ஒரு சுவர்தான். அவள் புருஷன் பெயிண்டர். அவள் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறாள். அவர்கள் மகள் பட்டாணிக்கு ஏழு வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. தினம் இரண்டு ஊசி. மருந்து குளிரில் இருக்க வேண்டும். அவர்களிடம் பிரிட்ஜ் இல்லை, என்னிடம் இருந்தது. என்னிடம் பிள்ளை இல்லை, அவர்களிடம் இருந்தது.

ஊசி போட நர்ஸ் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். "ஐஸ் பெட்டிக்குள்ள மட்டும் வெச்சிடாதீங்கம்மா. ஒரு தடவை உறைஞ்சா போச்சு. பார்க்க நல்லாத்தான் இருக்கும், உடம்புல வேலை செய்யாது." எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

இரண்டு வருஷம், காலையும் சாயங்காலமும், பட்டாணி சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே வருவாள்.

"பெரியம்மா, நேத்து இந்தக் கை. இன்னைக்கு அந்தக் கை. ஏமாத்தக் கூடாது."

"ஏமாத்தினா என்னடி பண்ணுவ?"

"உங்க முட்டையையெல்லாம் ஒளிச்சு வெச்சிடுவேன்."

ஊசி போட்டதும் கால் மணி நேரம் உட்கார்ந்து வாயடித்துவிட்டுப் போவாள். அந்தக் கால் மணி நேரத்தை வைத்துத்தான் மீதி நாளை நான் ஓட்டினேன்.

அப்புறம் சொந்தமாகப் பிரிட்ஜ் வாங்கத் தவணைக்கடை ஒன்று பிடித்தார்கள். முன்பணம் வேண்டாம், வாராவாரம் கட்டினால் போதும் என்றார்களாம். ஜாமீன் கையெழுத்துக்குத் தங்கச்சி என்னிடம் வந்தாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். கட்டி முடிக்கும்போது மூன்று பிரிட்ஜ் விலை ஆகிவிடும்.

"பகல் கொள்ளைடி இது."

"மொத்தமா குடுத்து வாங்க நம்மகிட்ட எங்கக்கா இருக்கு? எப்படியோ, இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல."

தொந்தரவு என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

சிவப்பு நிறப் பிரிட்ஜ் வந்து இறங்கியது. தவணைக்காகத் தங்கச்சி இரண்டாவது ஷிப்ட் பார்த்தாள். பெயிண்டர் ஞாயிற்றுக்கிழமையும் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை தானே கதவைத் திறந்து, தானே ஊசி போட்டுக்கொண்டது.

"என்கிட்ட வரலாம்ல?" என்று கேட்டேன்.

"எனக்கே போடத் தெரியும் பெரியம்மா. எங்க பிரிட்ஜ்லயே இருக்கு."

ஒரு இரும்புப் பெட்டியைப் பார்த்து வயிறு எரியுமா என்று கேட்பீர்கள். எரிந்தது. அது மனுஷியாக இருந்தால் குழாயடியில் நின்று நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருக்கலாம்.

அவசரத்துக்கென்று அவர்கள் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருக்கும். ஒருநாள் எல்லாரும் போன பிறகு மருந்துக் குப்பியை எடுத்து அவர்களுடைய ஐஸ் பெட்டியிலேயே வைத்தேன். மதியம் எடுத்து, இளகவிட்டு, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் பட்டாணியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டாள். மருந்து சரியான குளிரில் இருந்திருக்காது என்றார் டாக்டர். தங்கச்சி புதுக் குப்பியோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"உன் பிரிட்ஜ்தான்க்கா எங்களுக்கு ராசி."

பிள்ளை மறுபடி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தாள். ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தை யார் எது கொடுத்தாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தங்கச்சி கடைக்குப் போய்ப் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். "எடுத்துக்கிறோம். ஆனா தவணை நிக்காது" என்றாராம் மேனேஜர். அழுது கேட்டதில் மெக்கானிக்கை அனுப்பிவைத்தார்கள். அவன் குடைந்து குடைந்து பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே தங்கச்சி மருந்தை எடுத்துக்கொண்டு போனாள்.

"ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டுக் கட்டுறோம்க்கா. சும்மா நிக்கவிட மனசு வரல."

அதனால்தான் இரண்டாவது தடவை. செவ்வாய்க்கிழமை காலையில் வைத்து, மதியம் எடுத்தேன். நான் யோசிக்காமல் செய்யவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் புதுக் குப்பி ஒன்று வாங்கி, என் பிரிட்ஜ் கதவில், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். உடம்புக்கு முடியவில்லை என்றால் அவள் எங்கே போவாள்? அம்மா அப்பா இருட்டின பிறகுதான் வருவார்கள். என்னிடம்தான் வர வேண்டும்.

வியாழக்கிழமை பட்டாணி பள்ளிக்கூடத்திலிருந்து மதியமே வந்துவிட்டாள். அந்தச் சுவரில் எல்லாம் கேட்கும். குழாயைத் திறந்து திறந்து தண்ணீர் பிடித்தாள். வாந்தி எடுத்தாள். ஊசி டப்பாவைத் திறந்தாள். அந்த வீணாய்ப் போன மருந்தையே இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டிருப்பாள். அப்புறம் பெரிது பெரிதாக மூச்சு வாங்குகிற சத்தம். நான் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, வாசல் கதவை விரியத் திறந்து, எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் என்னை ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்றிருந்தேன்.

இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள்.

ஏழரை மணிக்குத் தங்கச்சி வந்து பார்த்தபோது பிள்ளை சிவப்புப் பிரிட்ஜ் மேல் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தாள். உடம்பு குளிர்ந்திருந்தது. நான் செய்தது இவ்வளவுதான், மேடம். மறைக்க ஒன்றுமில்லை.

ஒரு உதவி மட்டும். உங்கள் போலீஸ்காரர்கள் என் வீட்டைப் பூட்டி சீல் வைக்கும்போது பிரிட்ஜை அணைத்துவிடச் சொல்லாதீர்கள். அவளுக்காக வாங்கின நல்ல மருந்து உள்ளே இருக்கிறது.