விழுவது நானில்லை

"ஹலோ... ஹலோ, மேவிஸா? நான்தான், ரோனி... ஆமா, ஆமா, ஸ்டுடியோவுலேருந்துதான். டிவி இன்னும் போடலியே?... போட்டாச்சா. கால்பந்து முடிவு ஓடுதா... சரி, சரி. அப்ப கொஞ்ச நேரம் இருக்கு."

கொஞ்ச நேரம்தான் இருந்தது. சனிக்கிழமைச் சாயங்காலம் கால்பந்து முடிவுகளை வாசித்து முடித்ததும் அந்த விண்வெளித் தொடர் தொடங்கிவிடும். இங்கிலாந்தில் பாதிப் பிள்ளைகள் பயத்தில் சோஃபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்கள். இன்று வரப்போகும் ரப்பர் பூதமாக நடித்தவன், மேவிஸின் கணவன், சிறுமி ஜில்லின் அப்பா கிளிஃப். ஜூன் மாத வெயிலில், கல்குவாரியில் நடந்த படப்பிடிப்பில், அந்த உடுப்புக்குள்ளேயே இதயம் நின்று செத்துப்போனவன். எதையும் கேலி பேசியே சமாளித்துவிடுகிற உதவி இயக்குநர் ரோனி, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஜில் எங்க?... தெருப் பிள்ளைங்க அத்தனையுமா? 'எங்கப்பா வர்றாரு'ன்னு கூட்டிட்டு வந்துட்டாளா... இல்ல, இல்ல, நல்லதுதான்... மேவிஸ், ஒண்ணு சொல்லணும். கடைசியில பூதம் சுருண்டு விழும்ல, அது கிளிஃப் இல்ல, அவர் போனதுக்கு அடுத்த வாரம் நானே உடுப்ப மாட்டிக்கிட்டு விழுந்து எடுத்தோம்னு சொன்னேன்ல?... ஆமா, ஆமா. விழுந்தேன். லாரியிலேருந்து உருளைக்கிழங்கு மூட்டைய தள்ளிவிட்ட மாதிரி. கேமராக்காரர் தலையில கைய வச்சுக்கிட்டார்... சிரிக்காதீங்க மேவிஸ். தயவுசெஞ்சு சிரிக்காதீங்க... இப்பத்தான் முடிஞ்ச படத்தப் பாத்தேன். நான் விழுந்தத வெட்டிட்டாங்க... இல்ல, வேற ஆளு இல்ல... ஆமா. கிளிஃப் நிஜமா விழுந்தாரே, அன்னைக்கு எடுத்ததேதான்."

மறுமுனையில் பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டது.

"கேக்குறீங்களா?... போயி கத்தினேன். டைரக்டர் சொல்றார், இதுலதான் உயிர் இருக்குன்னு. அப்படியேதான் சொன்னார் அந்த மனுசன்... டிவிய நிறுத்திடுங்க மேவிஸ். ஃபியூஸ் போயிருச்சுன்னு சொல்லுங்க... தெரியும், ரெண்டு மாசமா காத்துக்கிட்டிருக்கா... அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியலியா... சரி. சரி. அப்ப போன வைக்காதீங்க. இங்கயும் டிவி ஓடுது. அந்த இடம் வர்றதுக்கு முன்னாடி சொல்றேன், எல்லாத்தையும் சோஃபா பின்னாடி விரட்டிடுங்க. 'பயமா வருது, ஒளிங்க'ன்னா போதும், ஓடிரும்."

தொடரின் இசை அவனுக்கு இரண்டு காதிலும் கேட்டது.

"இன்னும் இல்ல... இது சும்மா நடந்து வர்றது... ஆமா, அந்த நொண்டல் அவரோடதுதான். பூதத்தோட கால் சின்னதா தச்சுட்டாங்க, மூணு நாளும் திட்டிக்கிட்டே நடந்தார்... அழாதீங்க, பிள்ளைங்க பாக்கும்... இன்னும் இல்ல... மேவிஸ், இப்ப. இப்ப, இப்ப! விரட்டுங்க!... போயிருச்சா எல்லாம்?... ஜில்?... ஏன், ஏன் போகல?... 'எங்கப்பாகிட்ட எனக்கென்ன பயம்'ங்கிறாளா... இழுங்க அவள, அவ கண்ண மூடுங்க... மேவிஸ்? மேவிஸ், நீங்களாவது பாக்காதீங்க..."

ஸ்டுடியோத் திரையில் பூதம் முழங்காலில் சரிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, மண்ணில் முகம் புதைத்தது. காட்சி வெட்டப்படவில்லை, கேமரா அதையே பார்த்துக்கொண்டிருந்தது. தொலைபேசியில் ஒரு சின்னக் குரல் ஏதோ கேட்டது.

"என்ன?... என்ன கேக்குறா?... 'அப்பா நல்லா நடிச்சாரா'ன்னா?"

ரோனி திரைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

"ஆமான்னு சொல்லுங்க, மேவிஸ்... ஆமான்னே சொல்லுங்க... ஹலோ?... மேவிஸ்?"